முதல் பட்டதாரியின் சேலை

எத்தனை வாகனம் மேட்டில் ஏறி வந்தாலும் நிஷாந்தியின் வெள்ளைக் காரின் சத்தம் பிரேமினிக்குத் தனியாகக் கேட்கும். கேட்டதும் வயிறு எரியும். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் பார்த்துத்தான் அந்தக் கார் வரும். வந்தால் பேசாமல் போகவும் போகாது.

"ஏறு பிரேமி, டவுன்ல விட்டுடுறேன்."

"பரவால்ல, இப்ப பஸ் வந்துரும்."

பஸ் எங்கே வரும்? நனைந்த செருப்போடு அரை மணி நேரம் நிற்பாள். நின்றாலும் அந்தக் காரில் மட்டும் ஏறமாட்டாள்.

வட்டகொடைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் பிரேமினி. அம்மா அழகம்மா கொழுந்தெடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. நிஷாந்தியும் அதே பள்ளிக்கூடம், அதே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டவள். வகுப்புப் பரீட்சையில் பிரேமினியின் தாளைப் பார்த்து எழுதியும் தேறாதவள். பார்த்து எழுதக்கூடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பிரேமினி அப்போது சிரித்ததுண்டு. இப்போது சிரிப்பு வருவதில்லை.

இத்தனைக்கும் நிஷாந்தியை ஆளாக்கிவிட்டதே பிரேமினியின் பட்டம்தான். பேராதனையில் பட்டமளிப்பு நடந்த அன்று விடியற்காலையில் நிஷாந்தி தானாகவே பக்கத்து லயத்து வீட்டிலிருந்து வந்து பிரேமினிக்குச் சேலை கட்டிவிட்டாள். அங்கியும் சேலையுமாய் எடுத்த படத்தை, "எங்கள் தோட்டத்தின் முதல் பட்டதாரி" என்று பேனர் அடித்து மாரியம்மன் கோயில் சந்தியில் கட்டினார்கள். மழைக்காலம் முழுக்க அது அங்கே நின்றது. பார்த்தவர்களில் ஒருவராவது பிள்ளை என்ன படித்தது என்று கேட்க வேண்டுமே! "இந்தச் சேலைய யாரு கட்டிவிட்டா?" என்றுதான் கேட்டார்கள். முதலில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள், பிறகு ஒரு கல்யாணத்துக்கு. இன்று ஹட்டனில், பைஸர் நானாவின் துணிக்கடைக்கு மேல்மாடியில் நிஷாந்திக்குச் சொந்தமாக பியூட்டி பார்லர். பட்டிப்பொலவிலிருந்தெல்லாம் மணப்பெண்கள் வருகிறார்கள்.

பிரேமினியோ வேலை கேட்டுப் பதாகை பிடித்து வெயிலில் நின்று, வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஒரு வழியாக அரசாங்க அலுவலகத்தில் நியமனம் வாங்கினாள். அங்கே நாலு பட்டதாரிகளுக்கு ஒரு மேசை. பிந்திப் போனால் நாற்காலி கிடைக்காது. அந்தப் பேனர்? அது இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை.

தலவாக்கலையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நிரஞ்சனுடன் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரே ஒரு விஷயத்தில்தான் பிரேமினி பிடிவாதமாக இருந்தாள். நிஷாந்தியின் கை தன்மேல் படக்கூடாது. அந்த ஒரு நாளாவது ஜனம் தன்னைப் பார்க்க வேண்டும், தன் சேலையை அல்ல.

"வேற யாரையாச்சும் பாப்போம்மா" என்றாள்.

"மாப்பிள வீட்டுலயே கேட்டுட்டாங்க புள்ள, நிஷாந்திதானே பொண்ண சோடிக்கிதுன்னு. ஆமான்னுட்டேன்" என்றாள் அழகம்மா.

"நான் என்னா படிச்சிருக்கேன்னு கேட்டாங்களா?"

"அதுதான் கல்யாணக் கார்டுல போட்டிருக்கே!"

மாப்பிள்ளை வீட்டாரின் வாயை அடைக்க முடியுமா? கல்யாணத்தன்று காலையில் பிரேமினி அந்த மேல்மாடியில், கண்ணாடிக்கு முன்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்க மணப்பெண்களின் படங்கள். அவற்றுக்கு நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, பட்டமளிப்பு அங்கியில் பிரேமினி.

"இத எதுக்கு மாட்டி வச்சிருக்க?"

"என்னோட மொத கஸ்டமர் நீதானே."

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "நல்லா இருக்கே! நான் மூணு வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சேன். அத வச்சு நீ பொழச்சிக்கிட்ட."

நிஷாந்தி வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தால், படவில்லை.

"ஆமா, பொழச்சேன். அன்னைக்கு நானா வந்து ஏன் கட்டிவிட்டேன்னு தெரியுமா? வயித்தெரிச்சல்டி. ஒனக்கு பட்டம் குடுக்கப் போறாங்கன்னு கேட்டதுலருந்து எனக்கு சோறே எறங்கல. ஊரே ஒன்னத்தான் பாக்கப்போகுது. யாரும் ஒன் மூஞ்சிய பாக்கக்கூடாது, நான் கட்டுன சேலைய மட்டும் பாக்கணும்னு நெனச்சேன். அதான் ஒரு மடிப்பு பிசகாம கட்டினேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

பிரேமினிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ, பழைய வெல்லத்தை வாயில் போட்ட மாதிரி ஓர் இனிப்பு. காரையும் கடையையும் கொடுக்காத பட்டம், இந்த நிஷாந்தியைச் சோறு இறங்காமல் பட்டினி போட்டிருக்கிறது! அது போதும் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று ஆசையும் வந்தது.

"இப்பவும் எரியுதா?" என்று கேட்டாள்.

நிஷாந்தி கண்ணாடியில் அவளை ஒரு கணம் பார்த்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பெண்ணுக்கு அதுகூடவா சொல்லக்கூடாது?

"இப்ப எதுக்குடி?" என்றாள் அன்பாக, ஊசியை எடுத்துக்கொண்டே. "தலைய நிமித்து. ஐயோ, அழுதுறாத, மை கரைஞ்சிரும்."