கையைத் தூக்கினால் முதலாளி நிற்பாரா?

1. எனக்கு முப்பத்தெட்டு மார்க்

ஷிப்பிங் கம்பெனியில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்டர்வியூ எடுத்தே தலை நரைத்த ஆள். எங்கள் துறைமுக நகரின் மில்லர்புரத்தில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் மையத்தில் ஆலோசகராகக் கூப்பிட்டபோது, இதில் என்ன பெரிய வித்தை என்றுதான் போனேன்.

முதல் நாளே பயிற்சியாளர் பாத்திமா என் தலையில் கண்ணை மறைக்கும் ஒரு வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிவிட்டார். கண்ணெதிரே கம்ப்யூட்டர் காட்டும் ஓர் ஆபீஸ் அறை, கோட் போட்ட அதிகாரி. அவர் கேள்வி கேட்டார், நான் வெளுத்துக் கட்டினேன். கடைசியில் மார்க் வந்தது: நூற்றுக்கு முப்பத்தெட்டு.

"கேள்விய முடிக்க விடாம எட்டு தடவ குறுக்க பேசிட்டிய சார்," என்றார் பாத்திமா. காயல்பட்டினத்துக்காரர். சிரிக்காமல் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபம்.

2. கோட் போட்டவரை வீட்டுக்கு அனுப்பியது

அந்த மாதிரி அதிகாரியை எங்கள் துறைமுகப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. இங்கே இன்டர்வியூ நடக்கும்போதே முதலாளிக்கு ஃபோன் வரும், டிரைவர் கையெழுத்துக்கு உள்ளே நுழைவான், டீ வரும். "எந்த ஊரு? அப்பா யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. அதையெல்லாம் மென்பொருளில் சேர்க்கச் சொன்னேன். முதலாளிக்குக் குரல் கொடுத்ததும் நானே. பழைய கோபத்தை எல்லாம் அதில் இறக்கி வைத்தேன்.

"இவ்வளவு சத்தம் போட்டா நம்ம ஆளுவளுக்குத் தாங்காது சார்," என்று சொன்ன பாத்திமா ஓர் ஏற்பாடு செய்தார். தாங்க முடியாதபோது வலது கையைத் தூக்கினால் முதலாளி அப்படியே நின்றுவிடுவார். கையை இறக்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

3. ரோஷன்

எங்கள் மையத்தில் பயிற்சிக்கு வந்தவன், ஆலந்தலைக்காரன். இருபத்தேழு வயது, பி.காம். பதினோரு இன்டர்வியூவில் தோற்றவன். கன்டெய்னர் யார்டு ஒன்றில், வாசலில் வரும் வண்டியின் சீல் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்க்கும் கேட் செக்கர் வேலைக்கு என் பழைய சிநேகிதரான முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அவன் அம்மா ஃபோனில் அழுதார்.

"இதுவும் போச்சுன்னா இனி எங்கயும் போவ மாட்டம்னுட்டான் சார். சொன்னா சொன்னதுதான் அவன்."

தைரியம் சொன்னேன். முப்பது தடவை ஒத்திகை பார்த்திருக்கிறான், பிறகென்ன?

4. பன்னிரண்டாவது

அண்ணாச்சி என்னை மூலையில் உட்கார அனுமதித்தார். ஊர், அப்பா எல்லாம் நல்லபடியாகப் போனது. அடுத்த கேள்வியைக் கேட்ட கையோடு அவர் ஃபோன் அடித்தது.

"ஏலே, வண்டிய எங்கன நிப்பாட்டிருக்க? ஒனக்காவ கப்பல் காத்துக் கெடக்குமால?"

அதே நேரம் ஒரு டிரைவர் கேட் பாஸை ஆட்டிக்கொண்டு கத்தியபடி உள்ளே வந்தார். ரோஷன் வலது கையைத் தூக்கினான்.

நிஜ முதலாளி நிற்க மாட்டார் என்று அவனுக்கு பாத்திமாவும் நானும் சொல்லித் தரவில்லை.

"என்னது?" என்றார் அண்ணாச்சி.

"சத்தம் கூடுதலா இருக்கு. கொஞ்சம் நிப்பாட்டுங்க."

அண்ணாச்சியை நிறுத்தச் சொன்னவர் அந்த யார்டில் அதுவரை யாரும் இல்லை. திகைப்பில் ஃபோனைக் கீழே வைத்தார். டிரைவரும் பாஸைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். ரோஷன் கண்ணை மூடிப் பத்து வரை எண்ணினான். கையை இறக்கினான்.

"இப்பம் தொடரலாம் சார்."

"நா என்ன கேட்டேன்?" அண்ணாச்சிக்கே மறந்துபோயிருந்தது.

"பேப்பர்ல ஒரு சீல் நம்பரும் கன்டெய்னர் கதவுல வேற நம்பரும் இருந்தா என்ன செய்வன்னு கேட்டிய. வண்டிய உள்ள விட மாட்டேன்."

"நானே ஃபோன் பண்ணி விடச் சொன்னா?"

'நீங்க சொன்னாச் சரி சார்' என்று சொல்லத்தான் நான் பழக்கியிருந்தேன்.

"விட மாட்டேன். எழுதிக் குடுக்கணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "எனக்கே சட்டம் பேசுதான் பாரும். நாளைக்குக் காலைல வேலைக்கு வா."

"நாளைக்கு ஞாயித்துக்கிழம."

"சரிப்பா. திங்கக்கிழம வா."

5. நான் எழுதிய வரி

கிளம்பும்போது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாஞ் சரி. ஆனா ஒரு தடவகூட என் மூஞ்சியப் பாக்கலியே அவன்?"

"கேட்ல நிக்கவன் சீலப் பாத்தா போதும் அண்ணாச்சி," என்றேன். நல்ல பதில் சொன்ன மிதப்பில் பஸ் ஏறினேன்.

வழியில்தான் உறைத்தது. கம்பெனியில் இருந்தபோது வேலை கேட்டு வந்தவர்களின் விண்ணப்பங்களில் என் கைப்படவே எழுதியிருக்கிறேன்: 'முகம் பார்த்துப் பேசவில்லை. வேண்டாம்.' ஒரு முறை இரு முறை இல்லை. அதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பியிருக்கிறேன். அவர்களில் யாருக்கு அது கடைசி இன்டர்வியூவோ, எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

இன்டர்வியூ எடுக்கும் நாற்காலியில் உட்காரப்போகும் இளைய நண்பர்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான். அந்த வரியை எழுதக் கை போனால் பேனாவைக் கீழே வையுங்கள். இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்.