எல்லாத்தையும் அழிக்கச் சொன்னவர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பிரவுசிங் சென்டரில், சரியான பாஸ்வேர்டு போட்டும் இன்று என் மெயில் திறக்கவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். போனிலிருந்து தலை நிமிராமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"டீச்சர்ங்கிறீங்க, இதுகூடத் தெரியாதா? பிரவுசர்ல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சுட்டு, பாஸ்வேர்டை மறுபடி போடுங்க."

எல்லாத்தையும் என்றாரே. சேமித்திருந்த பாஸ்வேர்டுகளையும் சேர்த்தே அழித்தேன்.

என் மெயில் திறந்தது. ஊரே பிரிண்டுக்கு ஃபைல் அனுப்பும் கடை மெயிலும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அது மூடிக்கொண்டது.

பிரிண்டுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"பாஸ்வேர்டு ஞாபகம் இல்லீங்களே. எப்பவும் கம்ப்யூட்டர் அதுவே போட்டுக்கும்."

"கடை வச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?" என்று நானும் எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டேன்.

பழையது தெரியாமலே பாஸ்வேர்டை மாற்றும் வழி எனக்குத் தெரியும். சொல்லாமல் வந்துவிட்டேன்.

குன்னம் பஸ் கிளம்பிவிட்டது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். இறங்கிப் போய்ச் சொல்லவா?