முட்டிவலிப் பொடி

அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன என்ற சேதியை மிராசுதாரின் ஏஜெண்டு சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். தை அறுவடை முடிந்த சமயம். மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"உங்கப்பாவால வரப்பேற முடியலையாமேம்மா? நீங்களோ தஞ்சாவூர்ல உத்தியோகம். நெலத்த விட்டுட்டு உங்களோட வந்து ஒக்காரச் சொல்லுங்களேன். ஐயா ஏதாவது பாத்துக் குடுப்பாங்க."

நான் தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அம்மா இல்லை. நான் ஒரே பெண். அப்பா ஊரில் தனியாக இருந்து, தாத்தா காலத்திலிருந்து அந்த மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தைப் பயிரிட்டுவந்தார். பிடித்தால் விடமாட்டார். முட்டி வலிக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதியதில்லை.

ஏஜெண்டு ஏன் அவ்வளவு அக்கறையாக விசாரித்தார் என்பது ஊருக்குப் போனபின் விளங்கியது. குத்தகைதாரர் பெயரை அரசாங்கக் கணக்கில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. 'உழுபவனுக்கே நிலம்' என்று எங்கள் தெருச் சுவர்களில்கூட எழுதியிருந்தார்கள். அப்பா மனுப் போட்டிருந்தார். அவர் உழுவதே இல்லை, ஆள் வைத்துச் செய்கிறார், முட்டிவலிக்காரர் என்று மிராசுதார் தரப்பில் எதிர்மனு. பக்கத்து ஊரில் இதே தகராறில் ஒருவரின் வைக்கோல்போர் எரிந்து போலீஸ் லாரி வந்து நின்றது.

"குடும்பத்துல யாராச்சும் ஒருத்தரு சேத்துல எறங்கியிருக்கணுங்க. அதான் சட்டம்" என்றார் விவசாய சங்கத்துக்காரர். அப்பா என்னைப் பார்க்கவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் முடக்கத்தான் கீரை அரைத்துப் போட்டேன், எண்ணெய் காய்ச்சித் தடவினேன். கொஞ்சம் இதமாக இருக்கிறது என்றார். எழுந்து நடந்தால் பழைய வலிதான்.

மாசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. சந்தையில் ஒரு வைத்தியர் முட்டிவலிப் பொடி விற்கிறார், முழுக்க வேரும் பட்டையும்தான், தேனில் குழைத்துச் சாப்பிடுகிறேன், வலி பறந்துவிட்டது என்று எழுதியிருந்தார். அடுத்த முறை நான் போனபோது அவரே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று அந்த வைத்தியரை மனதாரக் கும்பிட்டேன்.

அவர் நடப்பதைப் பார்த்து ஊரில் பலரும் அந்தப் பொடியை வாங்கினார்கள். எங்கள் வயலில் நடவுக்கு வரும் ஓர் அக்கா, இடுப்பு நிமிரமுடியாமல் கிடந்தவர், அவரும் வாங்கினார்.

ஆடியில் போனபோது அப்பாவின் முகம் வட்டமாக உப்பியிருந்தது. கன்னம் சிவந்து பளபளத்தது. "சதை போட்டுருக்காரு பாத்தியா" என்று தெருவே சந்தோஷப்பட்டது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டியபோது தொடைகள் குச்சிபோல இருந்தன. கையில் லேசாக இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அடிக்கடி தண்ணீர் குடித்தார், அடிக்கடி கொல்லைக்குப் போனார். அவருடைய சிறுநீரை ஒரு சீசாவில் பிடித்து, பொடியையும் ஒரு பொட்டலம் கட்டித் தஞ்சாவூருக்கு எடுத்துவந்தேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கும் நீலக் கரைசலில் சிறுநீரை விட்டுக் காய்ச்சியதும் செங்கல் நிறமாகிவிட்டது. அவ்வளவு சர்க்கரை. தினமும் பிறருக்குச் செய்யும் சோதனை.

எங்கள் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாள்ல வலி போச்சு?"

"ரெண்டு மூணு நாள்லயே போயிடுச்சாம் டாக்டர்."

"தேஞ்சுபோன முட்டிய எந்த வேரும் இவ்வளவு வேகமா எழுப்பி விட்டதா நான் பாத்ததில்ல. ஸ்டீராய்டு எழுப்பும். மொகம் வீங்கும், சக்கரை ஏறும். ஆனா சந்தேகத்த வச்சுக்கிட்டு யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. செஞ்சு பாத்துடுவோம்."

பொடியைக் குளோரோபாமில் குலுக்கி வடிகட்டினோம். சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டில் அதில் ஒரு பொட்டு வைத்து, பக்கத்திலேயே மருந்துக்கடை ஸ்டீராய்டு மாத்திரையைக் கரைத்து இன்னொரு பொட்டு வைத்தோம். தகட்டின் அடியை ஒரு கரைப்பானில் நிறுத்தினோம். அது தகட்டில் ஏற ஏற இரண்டு பொட்டும் ஒரே உயரத்தில் போய் நின்றன. இரண்டும் ஒன்றுதான், இது போதும் என்று நினைத்தேன். டாக்டரம்மா விடவில்லை. வேறு கரைப்பானில் ஓட்டச் சொன்னார். இரண்டையும் ஒரே இடத்தில் கலந்து வைத்து, பிரிகிறதா பார் என்றார். கடைசியில் நாட்டு மருந்துக்கடையில் சுக்கு, முடக்கத்தான், அமுக்கரா எல்லாம் வாங்கி நாங்களே ஒரு பொடி இடித்து அதையும் ஓட்டினோம். எங்கள் பொடியில் அந்த உயரத்தில் எதுவும் இல்லை. சந்தைப் பொடியில் ஒவ்வொரு முறையும் இருந்தது.

"வேரு மேல தப்பில்ல" என்றார். "வேருக்குப் பின்னால மாத்திரைய இடிச்சு ஒளிச்சு வச்சிருக்காங்க. எவ்வளவு கலந்திருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது. உங்கப்பாகிட்ட சொல்லுங்க. ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது. ஒடம்பு தானா சுரக்கிறத நிறுத்தியிருக்கும். சட்டுனு விட்டா உயிருக்கே ஆபத்து. இங்க கூட்டிட்டு வாங்க, அளந்து மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கலாம்."

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். தகட்டைப் பற்றி, பொட்டுகளைப் பற்றி, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"நான் நடக்குறேன்ல பாப்பா? அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"நடக்குறீங்கப்பா. எதனால நடக்குறீங்கங்கறதுதான் கேள்வி. இதே பொடியத் தின்னு செத்தவங்க யாரும் சந்தைக்கு வந்து சொல்லமாட்டாங்க. நல்லா இருக்கறவங்க மட்டும்தான் வந்து சொல்லுவாங்க."

"நிறுத்துனா வலி திரும்பிடுமா?" என்றார்.

"திரும்பும்ப்பா."

"ரெவின்யூ இன்ஸ்பெக்டரு நடவு சமயத்துல வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. அவரு வந்துட்டுப் போகட்டும். அப்பறம் நீ எங்க கூப்டாலும் வரேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"நெலம் போனாலும் ஏதாவது ஆகத்தான் போவுது."

அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. நான் சொன்னதை நம்பினார். நம்பிக்கொண்டேதான் தொடர்ந்து சாப்பிட்டார். சர்க்கரைக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார்.

புரட்டாசியில் இன்ஸ்பெக்டர் வந்த அன்று நானும் லீவு போட்டு வந்திருந்தேன். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம், ஏஜெண்டு, சங்கத்துக்காரர் எல்லாரும் வாய்க்கால் கரையில் நின்றார்கள். அப்பா ஏர் பூட்டிச் சேற்றுழவு உழுதுகொண்டிருந்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வரப்பின் பக்கவாட்டைச் சீவி, சேறு அணைத்துப் பூசினார். மூச்சு வாங்கியது. நிற்கவில்லை.

"இதெல்லாம் இன்னிக்கு மட்டுந்தான் சார். வேசம்" என்றார் ஏஜெண்டு.

இன்ஸ்பெக்டர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "முட்டிவலிக்காரருன்னு எழுதியிருக்கீங்க. பெரியவருக்குக் கன்னம் ரெண்டும் கொழுகொழுன்னு இருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என்னால் முடியவில்லை.

குத்தகைதாரராக அவர் பெயர் பதிவானது. கொடுத்த வாக்குப்படி என்னுடன் வரச் சம்மதித்தார். நடவு மட்டும் முடியட்டும் என்றார். நான் தஞ்சாவூர் திரும்பிவிட்டேன். அந்த நாட்களில் சேற்றுக்குள் கிடந்த நத்தை ஓடு ஒன்று அவர் உள்ளங்காலைக் கிழித்திருக்கிறது. வலிக்கவில்லை. வீங்கவுமில்லை. வலியையும் வீக்கத்தையும் அமுக்குவதுதானே அந்தப் பொடியின் வேலை. சர்க்கரை ஏறிய உடம்பு, தினமும் சேற்றுத் தண்ணீர். காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லி, நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதம் கறுத்து நாற்றமெடுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வைக்குமேல் கையால் தடவிப் பார்த்தார்.

"இத வச்சுக்கிட்டு எப்படி பாப்பா எறங்குறது?" என்றார்.

"பதிஞ்சாச்சுல்லப்பா, ஒண்ணும் ஆகாது" என்றேன். விஷம் அதற்குள் ரத்தத்தில் பரவியிருந்தது. அந்த வார்டிலேயே, என் கண்ணெதிரே போனார்.

கருமாதி முடிந்து நான் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஏஜெண்டு வந்தார். உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரிசுன்னு நீங்க கேக்கலாம்மா. ஆனா நீங்க வந்து சேத்துல எறங்குவீங்களா?" என்றார். சங்கத்துக்காரர் வழக்காடலாம் என்றார். நான் வேலையை விடவில்லை. அடுத்த குறுவைக்கு அந்த வயலில் வேறு ஏர் ஓடியது.

டாக்டரம்மா பொடியையும் எங்கள் சோதனை முடிவையும் மருந்துகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினார். விற்றவரின் பெயர், விலாசம் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. அவருக்கு விலாசம் கிடையாது. சந்தைக்குச் சந்தை விரிக்கும் ஒரு தார்ப்பாய்தான். போய்ப் பார்த்தேன். அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என் அப்பா செத்த சேதியைச் சொன்னபோது, "நானும் அதான்ம்மா திங்கறேன், முதுகுக்கு" என்றார். யாரோ இடித்துக் கொடுப்பதை வாங்கி விற்கிறாராம். அவர் முகமும் வட்டமாக இருந்தது. சண்டைபோட வந்த நான் திரும்பி நடந்தேன்.

கருமாதி முடிந்த கையோடு, பொடி சாப்பிடுகிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், சட்டென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னேன். சிலர் வந்தார்கள். அப்பாவை வைத்தியம் பார்த்துக் கொன்றது ஆஸ்பத்திரிதான் என்று சிலர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

நடவுக்கு வரும் அக்கா நான் சொன்னதையெல்லாம் நின்று கேட்டார். "அப்ப எந்த வேருமே கேக்காதாம்மா?" என்றார்.

"அப்படிச் சொல்லலக்கா. கேக்கலாம், கேக்காமலும் இருக்கலாம். ஒருத்தரு ரெண்டு பேரு எந்திரிச்சு நடந்தத வச்சுச் சொல்ல முடியாது. அதே வலியுள்ள நெறைய பேர்ல பாதிப் பேருக்குக் குடுத்து, பாதிப் பேருக்குக் குடுக்காம, பொறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"எம்புட்டு நாளு பொறுக்கணும்?"

"மாசக்கணக்காகும்க்கா."

அவர் தலையாட்டினார். "நாளைக்குத் தாளடி நடவு இருக்கேம்மா" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தைப் பக்கம் திரும்பி நடந்தார். இடுப்பு நன்றாகத்தான் நிமிர்ந்திருந்தது.