கை சுட்ட எஞ்சின்

இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. பழைய டூரிங் பைக் தேடி முதலில் மைசூரு ஹெப்பாளுக்குப் போனேன். எனக்குக் கன்னடம் வராது என்பதால், வண்டியை விற்க இருந்தவர் தட்டுத்தடுமாறித் தமிழிலேயே சொன்னார்: "காலைல ஸ்டார்ட் ஆக லேட்டாகும் சார்." வேண்டாமென்று திரும்பிவிட்டேன்.

அடுத்து அதே ஊர் மண்டி மொஹல்லாவில் இன்னொரு வண்டி. வண்டியைத் தொட்டதும் கை சுட்டது. சூடான எஞ்சின் எளிதில் கிளம்பிவிடும்; ஆறியிருந்தால்தான் குறை தெரியும். அது எனக்கும் தெரியும்.

"இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் தம்பி. நாமெல்லாம் தமிழாளுங்க, பொய் சொல்வேனா?" என்றார் விற்றவர். அதற்குமேல் சோதிக்கக் கூச்சமாகிவிட்டது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை வண்டி கிளம்பவே இல்லை. சண்டைக்குப் போனேன்.

"நேத்து ஓட்டிப் பாத்துத்தானே வாங்கினீங்க?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அவர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால், குறையைச் சொல்வதற்காகவே வராத தமிழில் தடுமாறிய அந்த ஹெப்பாள் மனிதரிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்தவன் நான்தானே!