ராப் பத்து

திருவானைக்காவலில் சிக்னலுக்காக நின்றிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்ற காரிலிருந்து பாட்டுக்கு முன்னால் அதன் அடியில் இருந்த 'தும்' வந்து என் ஸ்கூட்டர் கண்ணாடியை நடுங்க வைத்தது. என்ன பாட்டென்று காது தேடிக்கொண்டிருக்கையிலேயே, எந்தக் கம்பெனிப் பாட்டு என்று விலா எலும்புக்குத் தெரிந்துவிட்டது.

அமெரிக்காவின் தென்பகுதி ஊர் ஒன்றில் ராப் பாட்டுக் கேசட் போட்ட கம்பெனி அது. கேசட் அட்டையின் மூலையில் சிவப்பு நண்டு ஒன்று அச்சாகியிருக்கும் என்பதால் எங்களுக்கு அது 'நண்டு கம்பெனி'. எங்களுக்கு என்றால், ஸ்ரீரங்கத்தில் இருந்த எனக்கும், என்னோடு ப்ளஸ் டூ படித்த பாலக்கரை ஜாபருக்கும். அந்த அமெரிக்க ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த ஜாபரின் அண்ணன், இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கேசட் கொடுத்தனுப்புவார். கம்பெனி உச்சத்தில் இருந்த காலம். அட்டையில் தங்கப் பல்லும் புகையும். உள்ளே, வடக்கத்தி ராப்காரர்களின் அவசரம் இல்லாமல், வெயிலில் நடந்துகொண்டே பேசுகிறவனின் இழுவை. அதற்கடியில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு தாளம். பாதி புரியாது, புரிந்த பாதியை வீட்டில் சொல்ல முடியாது. அங்கேயும் தெற்கத்தியான் பேச்சென்றால் வடக்கத்தியான் சிரிப்பானாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து அவர்களை எங்கள் ஆட்களாகவே வைத்துக்கொண்டோம்.

ஜாபர் வீட்டில் இரண்டு கேசட் போடுகிற டேப் ரெக்கார்டர் இருந்தது. எனக்குப் பதிந்து தருவான். ஆங்கிலத் தலைப்புகள் எங்கள் வீட்டில் கண்ணில் பட்டால் வம்பு என்று, 'ராப் ஒன்று', 'ராப் இரண்டு' எனத் தமிழில் எழுதுவான். பத்தாவது கேசட்டில் இடம் போதாமல் நெருக்கி எழுதியதில் அது 'ராப்பத்து' ஆகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வைகுண்ட ஏகாதசியிலிருந்து பத்து நாள், ராத்திரியில், கோஷ்டியாகத் திருவாய்மொழி சேவிக்கிற உற்சவம். அந்த மார்கழியில் முழங்கால் வீங்கி அப்பாவால் கோயிலுக்குப் போக முடியவில்லை. அவருக்கு நினைவு தெரிந்து தவறவிட்ட முதல் வருஷம். என் அலமாரியில் அந்தக் கேசட்டைப் பார்த்தவர், பிள்ளை தனக்காகப் பதிந்து வைத்திருக்கிறான் என்று நினைத்து, குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நண்டு கம்பெனி முழங்கிக்கொண்டிருந்தது. கூப்பிய கையை அப்பா இன்னும் இறக்கவில்லை.

"ஏண்டா, இது எந்த திவ்யதேசத்து கோஷ்டி?"

சமையலறையில் அம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் காரியம் கெட்டது. அட்டையை எடுத்து மறுபடி படித்த அப்பாவுக்கு, பெருமாள் உற்சவத்தின் பேரை வைத்து நாங்கள் கேலி செய்திருக்கிறோம் என்று பட்டுவிட்டது. ராப் என்று ஒரு பாட்டு உண்டு என நான் சொன்னதெல்லாம் சாக்காகவே ஒலித்தது. அவர் கத்தவில்லை. இனி அந்தப் பையன் சகவாசம் வேண்டாம் என்றார். கத்தாமல் அவர் சொன்னது எதுவும் எங்கள் வீட்டில் மாறியதில்லை.

ஜாபரிடம் சொன்னேன். எங்கள் சிநேகிதம் முடிந்ததே என்று அழுவான் என நினைத்தேன். "கேக்கணும்னு ஆசையா உக்காந்திருக்காரேடா" என்று மட்டும் சொன்னான்.

உற்சவம் முடிவதற்குள் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் நண்டு போட்ட ஒரிஜினல் கேசட். அண்ணன் அனுப்பி அந்த வாரம்தான் வந்தது. நான் இன்னும் கேட்கவில்லை. கம்பெனி இதுவரை போட்டதிலேயே இதுதான் உசத்தி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பெனி கேசட்டில் மேலே பதியக் கூடாதென்று விட்டிருக்கும் ஓட்டைகளில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. சித்திரை வீதியில் ஒலிபெருக்கிக்குக் கீழே டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய கேசட்டெல்லாம் இரவல் போயிருக்க, வெற்றுக் கேசட்டும் இல்லாததால், அதன் மேலேயே பாசுரங்களைப் பதிந்திருந்தான்.

"இதான் மாமா நெஜ ராப்பத்து."

அப்பா நண்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். பாசுரத்தின் நடுவே சைக்கிள் மணி, யாரோ இருமல், பிறகு ஜாபரின் குரல்: "கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க, பதிவாகுது." அப்பா சிரித்தார். பாசுரம் முடிந்த இடத்தில், அழியாமல் மிஞ்சியிருந்த ராப் எழுந்தது. ஜாபர் நிறுத்தப் பாய்ந்தான். இருக்கட்டும், அதுவும் முடியட்டும் என்றார் அப்பா. மறுநாள் என்னைப் பார்த்து, பாலக்கரைக்குப் போகலையா என்று கேட்டார். தடை நீங்கியதற்கு வேறு அறிவிப்பு எதுவும் இல்லை.

நண்டு கம்பெனி அடுத்த வருஷங்களில் சண்டையிலேயே உடைந்து, பாடியவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்பா இல்லை. அந்தக் கேசட் வீடு மாறியதில் எங்கோ போயிற்று. ஜாபர் ஷார்ஜாவில் இருக்கிறான். போன மாதம் தன் மகள் கல்யாணத்துக்கு வந்தவனுக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், அவன் அழித்த அந்த ஆல்பத்தைச் செல்போனில் தேடியெடுத்துப் போட்டேன். இயர்போனில் ஒரு காது அவனுக்கு, ஒரு காது எனக்கு. முழுதாக நான் கேட்பது அதுதான் முதல் தடவை. இதையா எங்கப்பாவுக்காக அழித்தாய் என்று நான் ஆரம்பிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"அழிச்சதுல ஒண்ணும் போயிடலடா. நடுவுல ரெண்டு பாட்டு சுமார்தான்."