தீட்டு காப்பாற்றிய எலி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக உதவியாளர் வேலை. மரவள்ளிக்கிழங்கை மட்டும் தின்றால் உடம்பு என்னவாகும் என்று அங்கே வெள்ளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலிகளை வளர்ப்பதும் பெருக்குவதும் என் பொறுப்பு. சாலைக் கடைத்தெருவில் எலிப்பொறிக்கு அலைகிற ஊரில், பி.எஸ்ஸி. படித்தவள் எலிக்குப் பிரசவம் பார்க்கிறாள் என்று ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவே சிரித்தது.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் அதிகாரியைத்தான் பொறுக்க முடியவில்லை. கெட்டிக்காரர், நல்லவரும்கூட. ஆனால் எலி குட்டி போட்டது என்று தெரிந்தால் போதும், கூண்டைத் திறந்து கையை விட்டுவிடுவார். மூக்குப்பொடி படிந்த விரல்களால் குட்டியைத் தூக்கி, மெல்லிய தோலுக்குள் அது குடித்த பால் வெள்ளையாகத் தெரிவதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

ஓர் எலி இருந்தது. தேங்காய் நாரைப் பல்லால் கிழித்து அது கூடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு தடவை குட்டி போட்டது. இரண்டு தடவையும் இவர் கை பட்டது. மறுநாள் பார்த்தால் தாயே குட்டிகளைத் தின்றிருந்தது.

பெற்றவுடன் தொந்தரவு செய்தால், வேற்று வாசனை பட்டால் எலி அப்படித்தான் செய்யும் என்று புத்தகத்தை விரித்தே காட்டினேன். "எலிக்கு என்னம்மா தெரியும்?" என்று சிரித்துவிட்டு இன்னொரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார். தீர்ப்பும் சொல்லிவிட்டார்: அது தாயில்லை, பிசாசு, அடுத்த தடவையும் தின்றால் குளோரோஃபார்ம் கொடுத்துக் கொன்றுவிட வேண்டும். தப்புச் செய்தது இவர் கை, உயிர் போவது அந்த எலிக்கு. தற்காலிக வேலையில் இருப்பவள் அதற்குமேல் என்ன பேச முடியும்?

மூன்றாம் முறை அது குட்டி போட்ட காலையில், வழக்கம்போல் ஒரு விருந்தாளியோடு வந்து நின்றார். கை கூண்டை நோக்கிப் போயிற்று. நான் யோசித்துச் சொல்லவில்லை, எரிச்சலில் வாயில் வந்துவிட்டது.

"சார், அதுக்கு இப்போ தீட்டு. தொட்டா நீங்க ஸ்நானம் பண்ணணும்."

கை அப்படியே நின்றது. தினமும் ஆபீஸ் விட்டதும் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போய்விட்டே வீடு திரும்புகிறவர் அவர். எலிக்கு ஏது தீட்டு என்று சீறுவார், என் வேலை தொலைந்தது என்று நினைத்தேன். அவரோ இரண்டடி பின்வாங்கி, தணிந்த குரலில் கேட்டார்: "பதினோராம் நாள் வரலாமோல்லியோ?"

அன்றிலிருந்து மலையாளி பியூன், அந்த அறைக்கு வந்தவர்களையெல்லாம் "வாலாய்மையாணு, கேறண்டா" என்று பிள்ளை பெற்ற தீட்டைச் சொல்லியே திருப்பி அனுப்பினார். நான் தீனியும் தண்ணீரும் வைத்ததோடு சரி. ஒரு குட்டிகூடச் சாகவில்லை. பதினோராம் நாள் சொன்னபடி வந்த அதிகாரி, ரோமம் முளைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகளைப் பார்த்து, நல்ல தாய் என்று மெச்சினார். எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

பிற்பாடு நானும் பிள்ளை பெற்றுப் பின்கட்டு அறையில் பத்து நாள் ஒதுங்கிக் கிடந்தபோது அந்த எலியை நினைத்துக்கொண்டேன். அது பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெற்றவளைக் கொஞ்சம் நிம்மதியாக விடுங்கள் என்றால் கேட்காதவர்களிடம், அவள் அசுத்தம் என்று சொல்லித்தானே அவளைக் காப்பாற்ற முடிந்தது என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.