இருநூற்றுப் பன்னிரண்டு நிழல்கள்

அலுவலகத்தில் அவருக்குச் சுவர்முட்டி அக்கா என்று பெயர். கடைசி வரை அந்தப் பெயர்தான். கணினி விளையாட்டு தயாரிக்கும் நிறுவனத்தில், சோதனைப் பிரிவில் வேலை. விளையாட்டில் வரும் ஊர்களில் ஒவ்வொரு சுவரிலும் போய் முட்டிப் பார்ப்பார்; எங்காவது உடம்பு சுவருக்குள் புகுந்துவிட்டால் எழுதிக் கொடுப்பார். அதற்கு முன் பதினோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். "அங்க எழுத்து, இங்க செங்கல். கண்ணு அதே கண்ணுதான்" என்பார்.

நான்கு வருடமாக ஒப்பந்த வேலை. ஒரு விளையாட்டு முடியும்போதெல்லாம், அடுத்ததற்குக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பது தெரியாது. இந்த முறை பிரிவில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்திருந்தது. போட்டிக்கு இரண்டு பேர்: அவரும், அதே கணினியில் மூன்று மணிக்கு மேல் உட்காரும் சண்டைக்காரத் தம்பியும். நேரில் அந்தத் தம்பி பூனைக்குட்டிக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவான். விளையாட்டின் சண்டைகளைச் சோதிப்பதால் வந்த பெயர் அது.

நன்றாக ஓடிய ஒரு மாயராஜ்ய விளையாட்டுக்கு அப்போது கூடுதல் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதில் ஆடுபவர் ரத்தக்காட்டேரியாக மாறிவிடுவார். வெயில் பட்டால் எரிந்து சாம்பல். நிழலில் நின்றால் பிழைக்கலாம். ஊர் முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு நிழல்கள். ஒவ்வொன்றிலும் பட்டப்பகலில் காட்டேரியை நிறுத்தி, எரியவில்லை என்று பார்த்து, 'நிழல் சரி' என்று எழுத வேண்டும்.

"இன்னைக்கு எத்தனை பேர் கழுத்தக் கடிச்சே?" என்று மகள் சாப்பிடும்போது கேட்பாள்.

"கடிக்க எங்கடி நேரம்? காலையிலேருந்து மரத்தடியில நின்னுட்டு வரேன்."

"ரத்தக்காட்டேரி ஆகியும் நேரத்துக்கு ஆபீஸ் போறவ நீ ஒருத்திதாம்மா."

திங்களன்று தொடங்கிய நிழல்கள் புதன்கிழமை முடிந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். வெள்ளி மாலை விளையாட்டு வெளியே போக வேண்டும். வியாழன் மதியம் வேறொரு வேலையின் நடுவே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தவர், காட்டேரியைச் சந்தை நடுவில் அப்படியே விட்டுப்போனார். கைகழுவி வந்து பார்த்தால் திரையில் உச்சி வெயில். காட்டேரி கல்தூண் மாதிரி நிற்கிறது. ஒரு புகைகூட இல்லை.

அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. சோதிப்பவர்களுக்கென்று ஒரு விசை உண்டு, 'சாகாவரம்' என்பார்கள். அழுத்தினால் எதுவும் கொல்லாது. அணைக்கும்வரை அப்படியே கிடக்கும். திங்கள் காலை சந்தைச் சுவர்களை முட்டும்போது, வெயில் தொல்லை வேண்டாமென்று அவர்தான் அழுத்தினார். அணைக்க மறந்திருக்கிறார். சண்டைகளைப் பார்க்கத் தம்பிக்கு அது எப்போதும் வேண்டும் என்பதால் அவனும் தொடவில்லை. எரியாமல் இருப்பதுதான் சரியான விடை. ஆகவே மூன்று நாளும் சந்தேகமே வரவில்லை.

மேலாளரின் அறைக்கு நேராகப் போனார்.

"சார், அந்த நிழல் எதுவும் செல்லாது. சாகாவரத்தப் போட்டபடியே பாத்திருக்கேன்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அக்காவைவிட வயதில் சின்னவர். "நாளைக்கு வெளிய போகணுமேக்கா." பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பிக்கும் அதே கம்ப்யூட்டர்தான? அவன் எப்பவும் அதப் போட்டுத்தான் ஆடுவான். அவன் விட்டுட்டுப் போயிருப்பான்."

தலையை ஆட்டினால் போதும். நிரந்தர இடம் கைக்கு வந்துவிடும். யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை.

"இல்ல சார். திங்கக்கெழம காலைல நான்தான் போட்டேன். அவன் தலையில கட்டாதீங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. பேரு ரெண்டும் மேல போயிருக்கு."

"யோசிச்சா மாத்திச் சொல்லிடுவேன் சார். அதான் இப்பவே சொல்றேன்."

வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. அக்கா விசையை அணைத்துவிட்டு முதல் நிழலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது நிழலிலேயே காட்டேரி தீப்பற்றிக்கொண்டது. மொத்தம் பத்தொன்பது இடங்களில் நிழலும் எரித்தது. அதில் ஒன்று, ஆடுபவர் காட்டேரியாக மாறி முதன்முதலில் கண்விழிக்கும் குதிரை லாயம். கண் திறந்த கணமே சாம்பல்; ஆட்டம் அதற்குமேல் நகராது. மேலாளர் பின்னால் நின்று அதை இரண்டு முறை பார்த்தார்.

நிரந்தர இடம் தம்பிக்குப் போனது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கோவமாக்கா?"

"கொஞ்சம் இருக்கு. சாயந்தரத்துக்குள்ள போயிடும்."

"சார் எல்லாத்தயும் சொல்லிட்டாரு. நீங்க மட்டும் தலையாட்டியிருந்தா..."

"ஆட்டலல்ல? விடு." அக்கா எழுந்து டப்பாவைப் பையில் போட்டார். திரையில், சரிசெய்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பழக்கடையின் பின்பக்கத்தில், காட்டேரியின் தோளிலிருந்து மெல்லப் புகை வந்துகொண்டிருந்தது. "எனக்கு நேரமாச்சு. இது இன்னும் எரியுதுன்னு எழுதிட்டு, அப்புறம் உன் சண்டைக்குப் போ."